குழியில்லாத குழித்தறி: பழம்பொருள் ஏக்கம் குறித்துச் சில குறிப்புகள்

1

சேலத்தில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் தரைத்தளத்தில், நுழைந்ததும் இடது கைப்பக்கம், ஒரு தறி போட்டிருக்கிறார்கள். என் சித்தப்பா அதில் உட்கார்ந்து நெய்கிறார். அம்மாபேட்டையில் நாற்பது வருஷம் வேட்டி நெய்தவர். கடைக்காரர்கள் அவருக்கு ஒரு ஜிப்பாவும் தலைப்பாகையும் கொடுத்திருக்கிறார்கள். ஜென்மத்தில் அவர் தலைப்பாகை கட்டியதில்லை. தறிக்குப் பக்கத்தில் ஒரு பல்லாங்குழி, மரப்பாச்சி ஜோடி, பித்தளைச் சொப்புகள், வால்வு ரேடியோ ஒன்று, கிராமபோன் குழாய் ஒன்று. பின்சுவரில் பெல்பாட்டம் போட்ட கதாநாயகர்களின் பழைய சினிமா போஸ்டர். துணி எடுக்க வருகிறவர்கள் குழந்தைகளை முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

டைல்ஸ் போட்ட தரையில் குழி தோண்ட முடியாது என்பதால் பலகையில் மேடை கட்டி, அதன்மேல் தறியை ஏற்றியிருக்கிறார்கள். குழித்தறிக்குக் குழி ஏன் என்பது நெசவு தெரிந்தவர்களுக்குத் தெரியும். மிதிகட்டைகள் குழிக்குள் கிடக்கும், நெய்கிறவன் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பான். இன்னொரு காரணமும் உண்டு. மண்ணின் ஈரம் குழி வழியாக மேலே வந்து பாவு நூலைப் பதமாக வைத்திருக்கும். காய்ந்தால் நூல் அறும். ஏ.சி. ஓடுகிற கடையில் ஈரம் ஏது? சித்தப்பாவுக்கு நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. அறுந்ததை முடிந்துவிட்டு மறுபடி நாடாவைத் தள்ளுகிறார். ஒரு வேட்டி எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை. முடியவேண்டிய அவசியமும் இல்லை.

“நெய்யறதுக்குக் குடுக்கற கூலியவிட, நெய்யற மாதிரி உக்காந்திருக்கறதுக்கு ஜாஸ்தி குடுக்கறாங்கடா” என்றார் ஒருநாள். அதில் வருத்தமோ கேலியோ இல்லை. கணக்குச் சொல்கிற குரல்தான். அந்தக் கணக்கிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது. உழைப்பைவிட உழைப்பின் சாயல் அதிக விலைக்குப் போகிற சந்தையில் ‘அந்தக் காலம்’ என்ற சொல் என்ன வேலை செய்கிறது?

2

இந்த ஏக்கத்துக்குத் தமிழில் ஒற்றைச் சொல் இல்லை. எஸ்.பொ. தன் யாழ்ப்பாணத்து நினைவுகளுக்கு ‘நனவிடை தோய்தல்’ என்று பெயரிட்டார். ஈழத்து எழுத்திலிருந்து அது நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஐரோப்பியச் சொல்லுக்கு வைத்தியசாலைப் பிறப்பு. 1688இல் பாசெல் நகரத்து மருத்துவ மாணவர் யோகன்னஸ் ஹோஃபர், வீடு திரும்புதல், வலி என்ற பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். வெளிநாட்டில் கூலிக்குப் போர் புரிந்த சுவிஸ் சிப்பாய்கள் இந்நோய்க்குப் பேர்போனவர்கள். மருந்து சுலபமானது: ஊருக்கு அனுப்பிவிடுவது. இடத்தைக் குறித்த நோய் பிற்பாடு காலத்தைக் குறித்த நோயாக மாறியபோதுதான் சிக்கல். 1978க்கு ரயில் கிடையாது. திரும்ப முடியாத இடத்தில்தான் கடை திறக்கப்படுகிறது.

ஏக்கமே புதிது என்று நான் சொல்லவில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டு தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கைத்தடி ஊன்றிய கிழவர் ஒருவர், இடையிடையே இருமிக்கொண்டு, தன் இளமையைச் சொல்கிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, குளத்தில் ஆடிய பெண்களோடு கைகோத்து ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறிக் குதித்து மூழ்கி அடிமணலை அள்ளிவந்து காட்டியது. பொம்மை, விளையாட்டு, பொழுதுபோக்கு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டில் எடுத்துவைத்துக்கொள்ளும் பண்டம் என்று ஒன்றும் இல்லை. மணற்பாவை கரைந்துபோகும். கிழவர் இழந்தது தன் உடம்பை. அதை யாரும் அவருக்கு விற்க முடியாது. பாடிய புலவரின் பெயரே மறந்து, பாட்டில் வரும் கைத்தடியே ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்று பெயராகியிருக்கிறது. நினைவு அங்கே தனிமனித முதுமையின் குரல்.

இன்று என் வயதுக்காரர்களிடம் ‘90ஸ் கிட்ஸ்’ என்ற பேரில் புழங்குவது வேறு வகை. தேன்மிட்டாய், கமர்கட், ஜவ்வுமிட்டாய், மல்யுத்த வீரர்களின் சீட்டுக்கட்டு, பாட்டுப் பதிந்த கேசட், 1997இல் தூர்தர்ஷனில் வந்த ‘சக்திமான்’ என்று ஒரு பட்டியல். அதற்குத் தனிக்கடைகளும் உண்டு. முப்பது வயதிலேயே கிழவரின் குரலில் பேசுகிறோம். ரேமண்ட் வில்லியம்ஸ் ‘கிராமமும் நகரமும்’ (1973) நூலில் ஒரு சங்கதியைக் காட்டுகிறார். இங்கிலாந்தின் பழைய கிராமம் இப்போதுதான் அழிந்தது என்று சொல்பவரின் பொற்காலத்துக்குப் போய்ப் பார்த்தால், அங்கிருப்பவரும் தனக்குச் சற்று முந்திதான் எல்லாம் அழிந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நகரும் படிக்கட்டுபோலப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம், பொற்காலம் தட்டுப்படாது. வில்லியம்ஸ் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அந்த ஏக்கம் யாருக்காக, எதற்காகப் பேசுகிறது என்று தனித்தனியே பார்க்கவேண்டும் என்கிறார். ஆகவே 90ஸ் கிட்ஸின் ‘நாம்’ யார் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

3

அந்த ‘நாம்’ என்பதில் வயதுக் கணக்குப்படி நானும் சேர்த்தி. ஆனால் அதன் மையப் படிமம் தெரு: ஸ்கூல் விட்டதும் பையை வீசிவிட்டுத் தெருவில் இறங்கி இருட்டும்வரை விளையாடிய தலைமுறை நாம் என்பது. அம்மாபேட்டையின் நெசவுத் தெருவை இந்தப் படிமத்துக்குள் வைத்துப் பார்க்கிறேன். பொருந்தவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்களில் பாவடி என்று ஒன்று உண்டு. பாவடித் தெரு, பாவடி மைதானம் என்றெல்லாம் பெயர்கள் இன்றும் கிடக்கின்றன. பாவு விரித்துக் கஞ்சி போட்டு, நூலைப் பிரித்து நீவி, வெயிலில் உலர்த்தும் பொதுவிடம் அது. பாவடி இல்லாத இடத்தில் தெருவே பாவடி. விடிகாலையிலிருந்து தெரு நீளத்துக்கும் பாவு விரிந்து கிடக்கும். அதைத் தாண்டி ஓடினால் முதுகில் விழும். பாவு சுருட்டிய பிறகுதான் அங்கே கோலிக்குண்டுக்கும் கில்லிக்கும் இடம். எங்களுக்குத் தெரு என்பது முதலில் பட்டறை, மிச்ச நேரத்தில்தான் விளையாட்டுக் களம்.

ஸ்கூல் விட்டு வந்ததும் என்ன செய்தோம்? தார் சுற்றினோம். ஊடைக்கு வேண்டிய நூலை ராட்டையில் சுற்றித் தார்க்குச்சியில் ஏற்றிக் கொடுப்பது பெரும்பாலும் பெண்கள், கிழவிகள், பிள்ளைகள் வேலை. ஒரு ஆள் நெய்ய, வீட்டில் இன்னும் இரண்டு பேர் கை ஆடவேண்டும். கூலி மட்டும் வேட்டிக்கு இவ்வளவு என்று ஒருத்தர் பேரில் வரும். இதைக் குழந்தை உழைப்பு என்று யாரும் சொன்னதில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தாரோடு சேர்ந்து செய்யும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 2016இல் திருத்தியபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு ஒத்தாசை செய்யலாம் என்ற இடம் விடப்பட்டது. கடையில் இருக்கும் பல்லாங்குழியைப் பார்த்து “அந்தக் காலத்துப் பொம்பளைங்க மத்தியானத்துல இதத்தான் வெளையாடுவாங்க” என்று ஒரு அம்மா தன் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டிக்கு மத்தியானம் இருந்தது. கையில் ராட்டையும் இருந்தது. பல்லாங்குழி எங்கள் வீட்டிலும் கிடந்ததுதான், பரணில்.

விளையாடவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். இங்குதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ரொலாண் பார்த் ‘தொன்மங்கள்’ (1957) நூலில் பொம்மைகள் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தைச் சின்னதாக்கி, ஆயத்தமாகப் பிள்ளை கையில் கொடுக்கின்றன. குழந்தை எதையும் ஆக்குவதில்லை, உபயோகிப்பவனாக மட்டும் பழகுகிறது என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் அதே கட்டுரையில் பிளாஸ்டிக்கைத் திட்டி மரப்பொம்மையின் இதத்தைப் பாடும்போது பார்த்தும் சறுக்குகிறார். தொன்மத்தைக் கட்டுடைக்க வந்தவர் மரத்தை ஒரு தொன்மமாக்கிவிடுகிறார். கடையில் அந்த மரப்பாச்சிக்கு மேலே தொங்கும் விளக்கொளி அவருடைய வாக்கியத்திலிருந்து வந்ததுபோல எனக்குத் தோன்றியது.

வால்டர் பெஞ்சமின் வேறு மாதிரி. குழந்தைகளுக்கென்று பெரியவர்கள் தயாரித்துத் தருவதைவிட, ஏதாவது வேலை நடக்கிற இடத்தில் சிந்துகிற கழிவுகள்தாம் அவர்களை இழுக்கின்றன என்று ‘ஒருவழிப் பாதை’யில் (1928) எழுதினார். தச்சன் வீட்டுச் செதுக்கல், தையற்காரன் வீட்டு வெட்டுத்துணி. இதை வாசித்தபோது அம்மாபேட்டை எனக்குத் திரும்பக் கிடைத்தது. காலித் தார்க்குச்சிகள் எங்களுக்கு வண்டிச் சக்கரம். தேய்ந்துபோன நாடா கப்பல். தியேட்டர் ஆபரேட்டர் வெட்டிப்போட்ட பிலிம் துண்டு, ஃபியூஸ் போன பல்புக்குள் தண்ணீர் ஊற்றிச் செய்த லென்ஸ், ஜன்னல் வெயிலைத் திருப்ப ஒரு ரசம் போன கண்ணாடி. இவற்றை வைத்து இருட்டறையில் படம் காட்டினோம். திரைக்கு வேட்டி. அந்த வேட்டி மறுநாள் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய உருப்படி. அழுக்குப் பட்டால் கூலியில் பிடிப்பார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் விரித்து, தெரியாமல் மடித்துவைத்தோம். எங்கள் விளையாட்டு வேலைக்கு வெளியே இல்லை. வேலையின் இடுக்கில், அதை ஏய்த்துத் திருடிய நேரத்தில் நடந்தது. அதன் ருசியே அந்தத் திருட்டில்தான். கடையிலுள்ள பல்லாங்குழியை யாரும் எதையும் ஏய்த்து ஆடவேண்டியதில்லை, அதனால்தான் அதன் குழிகளில் சோழிகளை ஒட்டியே வைத்திருக்கிறார்கள்.

4

இனி உடைக்கு வருவோம். தறிக்குப் பின்சுவரில் பெல்பாட்டம் போஸ்டர் இருக்கிறது என்றேன். கடைக்காரருக்கு இரண்டும் ‘அந்தக் காலம்’: கைத்தறியும் பழசு, பெல்பாட்டமும் பழசு. அம்மாபேட்டைக்கு அப்படியில்லை. இவை இரண்டும் ஒன்றையொன்று அழிக்கப் பார்த்த சங்கதிகள்.

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இழை, டெரிலின் என்றும் பருத்தியோடு கலந்து டெரிகாட்டன் என்றும் நம் ஊருக்கு வந்து, எழுபதுகளில் உடுப்பையே மாற்றிப்போட்டது. துவைத்துப்போட்டால் கொடியிலேயே காய்ந்துவிடும், கசங்காது, இஸ்திரி வேண்டாம், நாள்பட உழைக்கும். பெல்பாட்டம் அந்தத் துணியின் மோஸ்தர். பருத்தியில் அந்த மடிப்பு நிற்காது. பெண்கள் பக்கம் நைலக்ஸ் சேலை. வருஷத்துக்கு இரண்டு வேட்டி வாங்கியவன் ஒரு பேண்ட் தைத்துக்கொண்டான். தாத்தா இதை ஒரே வாக்கியத்தில் சொல்வார்: “டெரிலின் வந்துச்சு, நம்ம சோத்துல கை வெச்சுச்சு.”

அந்தத் தாத்தாவின் மகன்தான் என் அப்பா. 1979இல் இருபது வயதில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. டெரிலின் சட்டை, நாய்க்காது காலர், தரையைக் கூட்டும் பெல்பாட்டம். தறிக்காரன் மகன் தறிக்கு எதிரியான துணியை உடுத்திக்கொண்டு சிரிக்கிறான். தாத்தா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லையாம். இந்தப் படத்தை எப்படி வாசிப்பது? நுகர்வு மோகம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். அது நியாயமில்லை. வேட்டி கட்டினால் தெருவும் தொழிலும் சாதியும் தெரிந்துவிடும். பேண்ட் போட்டவனைப் பார்த்து எந்தத் தெரு என்று உடனே சொல்ல முடியாது. அப்பா அந்த உடுப்பில் தேடியது அழகை மட்டுமல்ல, அடையாளம் கண்டுபிடிக்க முடியாத ஒரு நாள் பொழுதை. பெல்பாட்டத்துக்குள் இருந்த ஆசை அது. போஸ்டரில் துணி இருக்கிறது, ஆசை இல்லை.

என் வாதத்தின் மையம் இதுதான். பழம்பொருள் ஏக்கம் பண்டத்தை எடுத்துக்கொள்கிறது, பண்டங்களுக்குள் நடந்த சண்டையையும் அவற்றைப் பிடித்திருந்த கைகளின் விருப்பத்தையும் கழித்துவிடுகிறது. அலமாரியில் ஏறிய மாத்திரத்தில் தறியும் டெரிலினும் சிநேகமாகிவிடுகின்றன. அந்தக் காலத்து மனிதர்கள் அந்தக் காலத்தைக் காதலித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் அதிலிருந்து எங்கோ போகப் பார்த்தவர்கள்.

சண்டை கழிந்த பிறகும் அலமாரியில் இடம்பெறாத பண்டங்கள் உண்டு. 1976இல் மத்திய அரசு கைத்தறிக்கு வேலை கொடுக்கவும் ஏழைக்கு மலிவாகத் துணி கொடுக்கவும் கொண்டுவந்த ஜனதா வேட்டி, ஜனதா சேலையை எந்த ‘ரெட்ரோ’ கண்காட்சியிலும் நான் பார்த்ததில்லை. 1983 முதல் தமிழகத்தில் பொங்கலுக்குக் கொடுக்கப்படும் இலவச வேட்டி சேலைக்கும் ஏங்குகிறவர் இல்லை. எத்தனையோ தறி அவற்றால் ஓடியது. ஆனால் ரேஷன் கடை வரிசையின் ஞாபகம் அவற்றில் ஒட்டியிருக்கிறது. வறுமை வாடை அடிக்காத வறுமைக்கால நினைவுதான் சந்தைக்கு வேண்டும்.

பிரெடரிக் ஜேம்சன் ‘ஏக்கத் திரைப்படம்’ என்றொரு வகையைச் சுட்டினார். சரித்திரத்தைச் சொல்ல முடியாமல் போன சமூகம், ஒரு பத்தாண்டின் மோஸ்தர்களை அடுக்கிக் காட்டி, அதையே சரித்திரம் என்று நம்பவைக்கிறது என்பது அவர் பார்வை. தமிழில் 2008இல் வந்த ‘சுப்ரமணியபுரம்’ 1980 மதுரையின் காலரையும் கிருதாவையும் துல்லியமாகக் கொண்டுவந்த படம். அதை இந்த வகையில் தள்ள எனக்குச் சம்மதமில்லை. அந்த உடுப்புக்குள் இருந்த வேலையற்ற இளைஞர்களை அரசியல் எப்படி உபயோகித்து எறிந்தது என்பதுதான் அதன் கதை. அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ படங்கள் காலரை மட்டும் எடுத்துக்கொண்டன. ஏக்கம் தன்னளவில் குற்றமில்லை, எதைக் கழித்துவிட்டு ஏங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

5

வேட்டிக்கு இப்போது மரியாதை திரும்பியிருக்கிறதே என்று கேட்கலாம். ஜூலை 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதி உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. நல்ல காரியம். அது கட்டுகிறவனின் உரிமை. நெய்கிறவனுக்கான சட்டம் வேறு: 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். அதன்கீழ் 22 ரகங்கள் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டு, பின்னர் 11 ஆகக் குறைந்தன. ஜரிகைக் கரை வேட்டி எப்படி விசைத்தறியில் ஓடுகிறது என்று அம்மாபேட்டையில் கேட்டால் சிரிப்பார்கள். 2015இல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாள் என்று சென்னையில் தொடங்கிவைக்கப்பட்டது. 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. நாள் வந்தது, வாரியம் போனது. கணக்கெடுப்பின்படி 1995இல் 65 லட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2009-10இல் 43 லட்சமாகி, 2019-20இல் 35 லட்சமாகியிருக்கிறார்கள். ஆள் குறையக் குறைய அடையாளத்தின் மவுசு கூடுகிறது. சித்தப்பா சொன்ன கூலிக் கணக்கு கடை வாசலுக்கு மட்டும் உரியதல்ல.

இவ்வளவு எழுதியபிறகு என் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடையை நான் கண்டிக்கிறேன். சித்தப்பாவின் மருந்துச் செலவு அந்தக் கடைச் சம்பளத்தில் நடக்கிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம், வருஷக்கணக்காகப் புரண்டுகொண்டிருந்த பாக்கி, அதில்தான் அடைந்தது. “வேண்டாம்னு சொல்றியா? நீ கட்டுரை எழுது, நான் போயிட்டு வர்றேன்” என்கிறார். ஏக்கத்தை விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒருபக்கம் இருக்க, அதில் சோறு தின்கிறவனும் ஒருவன் இருக்கிறான். நம் விமர்சன மொழியில் அவனுக்கு இடம் இல்லை. பண்டம், குறி, சாயல் என்று பேசிக்கொண்டு போகும்போது ஏ.சி. காற்றில் அறுகிற நூலை முடிகிற விரல் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ஆனாலும் பழையது எல்லாம் இப்படித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆடி மாதம் சேலத்து மாரியம்மன் பண்டிகையில், குகையிலும் அம்மாபேட்டையிலும் வண்டி வேடிக்கை நடக்கிறது. வண்டியை ஜோடித்து, ஆட்கள் தெய்வ வேஷமும் புராண வேஷமும் கட்டி, ஆடாமல் அசையாமல் நின்றபடி தெருவழியே போவார்கள். ஊரே திரண்டு பார்க்கும். சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எல்லாம் ஏறிவிட்டன. யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. ஏனென்றால் அது யாருக்கும் ‘பாரம்பரியப் பொழுதுபோக்கு’ இல்லை, இந்த வருஷத்துப் பண்டிகை. எந்த வண்டிக்குப் பரிசு என்று சண்டை நடக்கிறது. சண்டை நடக்கிறவரை ஒரு பொருள் அலமாரிக்குப் போகாது.

சென்ற ஆடியில் சித்தப்பா பண்டிகைக்கு இரண்டு நாள் லீவு கேட்டார். ஆடித் தள்ளுபடி சமயம், கூட்டம் வரும், தறியில் ஆள் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்றார்கள். சித்தப்பா பதில் பேசவில்லை. தலைப்பாகையைக் கழற்றிச் சீப்புக்கட்டை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாளும் தறி சும்மா கிடந்தது. அப்போதும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்களாம்.